முட்டை

முதலில் ஆப்பிள் பெட்டி.
எம்.சி. ரோட்டுப் பழக்கடையில் சும்மாவே கொடுத்தார்கள்.
பக்கத்துக்கு நாலு ஓட்டை.
ஆப்பிளுக்கு மூச்சு வேண்டும், சரி.
கல்மண்டபத்தில் அந்த ஓட்டை வழியே
உள்ளே போவது காற்றில்லை,
உப்பு.

அப்புறம் காசிமேட்டு ஐஸ் பெட்டி.
கழுவி, வெயிலில் கவிழ்த்து,
எலுமிச்சை தேய்த்து, மறுபடி கழுவி
மூடியைத் திறந்தால்
வஞ்சிரம்.

மேஸ்திரி கொடுத்தது டைல்ஸ் அட்டைப்பெட்டி.
கல்லையே தாங்கியது, இதைத் தாங்காதா.
ஒரு அடிக்கு ஒரு அடி.
தட்டும் ஒரு அடிதான்.
உறைதான் ஒரு அடியும் அரை விரலும்.
அந்த அரை விரலை வைத்துக்கொண்டு
இரண்டு நாள் சண்டை போட்டேன்.

டிவி வந்த பெட்டியில் நூற்றிருபது நின்றது.
டில்லிபாபுவும் அவன் மச்சானும் பிடித்தார்கள்.
பதினோராவது படியில்
பெட்டி அடிவாயைப் பிளந்தது.
உடைந்தது ஒன்றே ஒன்று,
கறுப்பாக, தடியாக, ஓட்டாஞ்சில்லு மாதிரி.
அது என்ன பாட்டு என்று எனக்குத் தெரியாது.
மீதி நானூற்றுப் பதினொன்றும் தெரியாது.
என்னிடம் பிளேயர் கிடையாது.

எல்லாம் இன்பராஜுடையது.
"ரெண்டே வாரம்க்கா" என்று
கட்டிலடியில் தள்ளிவிட்டுக் கப்பலேறினான்.
பதினோரு வருஷம்.
கட்டிலுக்குக் கால் ஒன்றுக்கு இரண்டு செங்கல் கொடுத்தோம்.
கூரை ஒழுகிய இரவில்
மகளுக்கு முன்னால் இதைத்தான் நகர்த்தினேன்,
அவள் இன்னும் சொல்லிக்காட்டுவாள்.

நேற்று வாட்ஸ்அப்பில் கேட்டேன்,
எதில் கட்டட்டும்?
மூன்று மணி நேரம் கழித்து வந்தது:
"ஐயோ, அதெல்லாம் இன்னுமா இருக்கு?"

பதில் போடவில்லை.
மின்ட்டுக்கு பஸ் ஏறினேன்.

பாரஸ்மல் அட்டைக்கடையில்
என்ன சரக்கு என்று கேட்கும் முன்பே சொன்னேன்:
உள்ளளவு பதின்மூன்று இஞ்ச், எல்லாப் பக்கமும்.
இரட்டை அட்டை. கைவிட ஓட்டை வேண்டாம்.
ஒன்றுக்கு நாற்பத்தாறுக்கு மேல் வைக்க மாட்டேன்.
நிற்க வைப்பேன், படுக்கப் போட மாட்டேன்.
தளர்ந்தால் சாயும், சாய்ந்தால் வளையும்,
இறுக்கினால் உறை கிழியும்,
நடுவில் உள்ளங்கை நுழைய வேண்டும்.
அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு
"பாடுவீங்களாம்மா?" என்றார்.
ஒன்பது பெட்டி. நாற்பத்தைந்து ரூபாய் வீதம்.
பேரம் பேச மறந்துபோனேன்.

கடைசிப் பெட்டியில் மிஞ்சிய இடத்துக்கு
மகளின் பழைய என்.சி.சி. சட்டை.

மார்க்கரால் பெரிதாக எழுதினேன்:
ரெக்கார்டு.
டில்லிபாபு முதல் பெட்டியைத் தோளிலிருந்து
குட்டியானைக்குள் அப்படியே நழுவவிட்டான்.
வயிற்றுக்குள் ஏதோ விழுந்தது எனக்கு.

அடித்துவிட்டு
ஒன்பதிலும் எழுதினேன்:
முட்டை.

அதன்பிறகு
இரண்டு கையிலும் ஏந்தி
படிக்குப் படி நின்று
மூச்சைப் பிடித்துக்கொண்டு இறக்கினான்.
மணலிக்குப் போகும் வழியெல்லாம்
மேட்டுக்கு மேடு பிரேக்.

"இன்னாக்கா, முட்ட இம்மாங்கனம் கனக்குது?"

பெரிய கோழிப்பா, என்றேன்.
கப்பல்ல இருக்கு.