போமாசருக்குப் போகலாம்

திருச்செங்கோட்டில் ஒன்பதாம் வகுப்பு, 'ஆ' பிரிவு.
ஆளுக்கு ஐந்து நிமிடம்.
ஓர் ஊரைச் சொல்லி
அங்கே போயே தீரவேண்டும் என்று
எங்களை ஆசைப்பட வைக்க வேண்டும்.
கண்ணைப் பார்த்துப் பேசினால் இரண்டு மார்க்,
படம் ஒட்டினால் மூன்று
என்று போர்டில் எழுதிவிட்டு
எஸ்தர் மிஸ் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

நான் ஊட்டி.
தெர்மாகோலில் மலை, பஞ்சில் மேகம்,
ரயிலுக்குத் தீப்பெட்டி.
அம்மா ராத்திரி பதினோரு மணிவரை ஒட்டினாள்.
சபரிநாதன் கோவா என்றான்.
எதற்கு என்று கேட்டதற்கு
"சும்மா" என்றான்.

கோகிலவாணி வெறுங்கையோடு வந்தாள்.
"போமாசர்."
"எந்த சாரு?" என்றது பையன்கள் பக்கம்.
சிரிப்பு அடங்கும்வரை
ஜன்னல் வழியே மலையைப் பார்த்து நின்றாள்.
போச்சு இரண்டு மார்க்.

"ராஜஸ்தானுங்க மிஸ்.
எங்கப்பா அங்கதான் இருக்குறாரு, ரிக்கு வண்டியோட.
போய்ச் சேரவே அஞ்சாறு நாளாகும்.
மரங்கிரம் கெடையாது.
ரோடும் சொல்லிக்கற மாதிரி இல்லீங்க.
விடியால குளுரு,
மத்தியானம் சட்டியில போட்டு வறுத்தாப்பல."

"ஏம்புள்ள, அப்பறம் பாக்கறதுக்கு அங்க
என்னதான் இருக்குது?"

அவள் கையைத் தலைக்கு மேலே தூக்கினாள்.
மெல்லக் கீழே இறக்கிக்கொண்டே வந்தாள்.

"நூறடி வரைக்கும் வெறும் மணலு.
எரநூறுல செவப்பு, பவுடராட்ட.
நானூறுல கல்லு, ராடு கத்தும்.
போன்ல எனக்கும் கேக்க வெப்பாரு.
ராவும் பகலும் பொகைதானுங்க,
போட்டிருக்கற சட்டை என்ன நெறமுன்னே தெரியாது.
முந்தாநேத்து, ஐநூத்தறுபதுல
பொகை நின்னுபோச்சு.
அந்நேரத்துக்கு யாரும் பேச மாட்டாங்களாமுங்க.
ஒட்டகங்கூட அசை போடறதை நிறுத்திக்குமாம்."

ஃபேன் சுற்றுகிற சத்தம் கேட்டது.

"அப்பறம்?" என்றான் சபரிநாதன்.

"அப்பறம் போனு கட்டாயிருச்சு."

"தண்ணி வந்துச்சா இல்லையா?"

"அதைப் பாக்கறதுக்குத்தான்
போலாங்கறேன்."

மணி அடிக்கும் முன்னால் ஓட்டெடுத்தார்கள்.
கோவாவுக்கு ஆறு.
ஊட்டிக்கு முப்பத்தொன்று.
போமாசருக்கு நாலு, அதில் ஒன்று நான்.
மடியில் என் மலையை வைத்துக்கொண்டு
கையை இடுப்பளவுக்குத்தான் தூக்கினேன்.
மிஸ் எப்படியோ எண்ணிவிட்டார்.

ஜனவரியில் ஊட்டி.
தீப்பெட்டியைவிட ரயில் பெரிதாகத்தான் இருந்தது.
படகில் கோகிலவாணி எனக்கு எதிரே,
கைக்குள் அடங்காத நீளத்துக்கு
அப்பாவின் ஸ்வெட்டர்.
தண்ணீருக்குள் விரலை விட்டபடி
படகுக்காரரைக் கேட்டாள்,
"எத்தனை அடீங்ணா?"

"ஆழமெல்லாம் கேக்காத பாப்பா, பயந்துக்குவ."

அவள் என் பக்கம் திரும்பி
"மேலாலயே கெடக்குது பாரு" என்றாள்,
ஏதோ கடையில்
விலையைக் குறைத்து விற்கிறார்கள் என்பதுபோல.