தொகுதி எண்

பிளாஸ்டிக் உறையில் வந்திருக்கிறது தகடு,
இரண்டு துண்டாக.
ஆறு திருகுகள் தனியே, ஒரு மருந்துப் புட்டியில்.
கூடவே ஆஸ்பத்திரிப் படிவம்:
பால்ஸ் ஸ்க்ராகென், வயது ஐம்பத்தெட்டு, ஊரி மாநிலம்,
மலைக் கம்பிவண்டி ஓட்டுநர்.
இடது கணைக்கால். பதினோராம் வாரம்.
காரணம் என்ற கட்டத்தில் யாரோ அவசரமாக:
சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, நடந்திருக்கிறார்.

நடந்திருக்கிறார்தான்.
இன்ஜின் அறைக்கு ஐம்பத்து மூன்று இரும்புப் படிகள்.
வண்டி நின்றால் மேலே ஒன்பது வீட்டிலிருந்து
பால் இறங்காது, தபால் ஏறாது.

எலும்பு கூடும்வரை தகடு தாங்க வேண்டும்.
முழுக்கத் தாங்கிவிடவும் கூடாது.
எல்லாப் பாரத்தையும் உலோகமே வாங்கிக்கொண்டால்
எலும்பு சோம்பிக் கரையும்.
துளி வளைய வேண்டும், அரை மில்லிமீட்டருக்கும் குறைவாக;
அந்த அசைவில்தான் முறிவுக்குள்
இளம் எலும்பு கண் விழிக்கும்.
ஆகவே நடுவே இரண்டு துளைகளைத்
திருகில்லாமல் விடச் சொன்னேன்.
தடிப்பை நாலரையிலிருந்து நாலாக்கினேன்.
அடித்தளத்தில் ஒரு எந்திரம்
ராப்பகலாக நடந்து பார்த்தது,
காலே இல்லாமல், பத்து லட்சம் அடி.
உடையவில்லை.
கேக் வெட்டினோம்.

இப்போது நுண்ணோக்கிக்குக் கீழே முறிந்த முகம்.
அலை வடிந்த மணல் மாதிரி
வரிக்குப் பின் வரி.
ஓர் அடிக்கு ஒரு கோடு.
நெருங்கியவை சமதளம்; அகன்றவை படி.
ஓரிடத்தில் பழுப்பாய் ஒரு கறை:
சில நாள் படுத்தே இருந்திருக்கிறார்.
சொன்ன பேச்சைக் கேட்டுமிருக்கிறார்.
அப்புறம் மறுபடியும் படி.

வரிகளைப் பின்னோக்கிப் படித்தேன்.
விசிறி மடிப்புகள் காம்பில் கூடுவதுபோல்
எல்லாம் ஒரு புள்ளிக்குப் போயின.
துளையின் விளிம்பு என்று நினைத்தேன்.
இல்லை.
அதற்குச் சற்று மேலே
லேசர் பொறித்த தொகுதி எண்,
அதில் கடைசி ஏழின் வால்.

எண்ணை அங்கே வைத்தவள் நான்.
வரைபடத்தில் பார்க்க அழகாக இருந்தது.
எந்திரத்துக்குப் போன தகடுகளில் எண் கிடையாது;
பொறிப்பது கடைசி வேலை, பெட்டியில் போடும் முன்.
மயிரிழை ஆழம்கூட இல்லை.
டைட்டானியம் கீறலை மன்னிப்பதில்லை.

"ரெகுலா, எட்டாகிறது, விளக்கை அணைக்கட்டுமா?"
கீழிருந்து யானிக்கின் குரல்.
ஜன்னலில் ஜூரா மலை இல்லை, பனிமூட்டம் மட்டும்.
விற்றது நாலாயிரத்துச் சொச்சம்.
இந்நேரம் எங்கெங்கோ
எத்தனை ஏழுகள் படியேறுகின்றனவோ.

காரணக் கட்டத்தில் இருந்த வாக்கியத்தை அடித்தேன்.
மேலே எழுதினேன்: எங்கள் கையெழுத்து.
படித்துப் பார்த்தேன். கவிதை மாதிரி இருந்தது.
அதையும் அடித்தேன்.
லேசர் பொறிப்பு, ஆழம் முப்பது மைக்ரான்,
இடம் தவறு, வடிவமைப்பாளர் பிழை.
கீழே என் பெயர், முழுதாக.

பால்ஸ் ஸ்க்ராகெனிடம் யார் சொல்வது
என்பதற்குப் படிவத்தில் கட்டமில்லை.
தொலைபேசி எண் மட்டும் இருக்கிறது.