நுழைந்த வழி

ஆர்.கே.புரம், ஜன்னல் ஏழு.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
ஒன்பது வருடத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு
நெஞ்சோடு பிடித்திருக்கிறாள்.

பெயர்: ஙுன் தியால்.
கோப்பில் மூன்று விதமாக எழுதியிருக்கிறார்கள்,
மூன்றும் தப்பு.
என் தமிழில் அந்த எழுத்து உண்டு என்று
சொல்ல வாயெடுத்தேன்.
உண்டுதான்,
சொல்லுக்கு முன்னால் நிற்கத்தான் விடமாட்டோம்.
நடுவில் இருந்துகொள்ளலாம்:
எங்கே. தங்கு. நீங்கு.

விகாஸ்புரியில் இரண்டாம் மாடி.
வாடகை ஒப்பந்தம் வீட்டுக்காரர் தரமாட்டார்.
எங்கோ ஒரு குளிர்நாடு விசா கொடுத்துவிட்டது.
கிளம்ப எங்கள் அனுமதி வேண்டும்,
அனுமதி வேண்டுமென்றால்
அனுமதியில்லாமல் இருந்ததற்கு அபராதம்.
"இருக்கவும் விடல, போறதுக்கும் காசா?"
கேட்டது அவளல்ல,
வரிசையில் பின்னால் நின்ற காபூல்காரர்.
அவள் ரசீது மட்டும் கேட்டாள்.

மகனுக்குத் தனி விண்ணப்பம். வயது ஆறு.
பிறந்த இடம்: ஹரி நகர் அரசு மருத்துவமனை, டெல்லி.
பன்னிரண்டாம் கட்டம்:
இந்தியாவுக்குள் நுழைந்த வழி.
சிவப்பு நட்சத்திரம் போட்டது,
காலியாக விட்டால் திரை நகராது.
வான். கடல். தரை.

பையன் கண்ணாடியில் ஊதி
அந்த ஆவியில் ஒரு பேருந்து வரைகிறான்,
சக்கரம் ஐந்து.
என்னைவிட நல்ல இந்தியில் கேட்கிறான்:
"அங்கிள், சீக்கிரம் முடியுமா?
நாலு மணிக்கு மேட்ச் இருக்கு."

மேலதிகாரி சாப்பிடப் போயிருந்தார்.
தரை என்று அழுத்தினேன்.

எந்தச் சோதனைச் சாவடி என்று
அடுத்த கட்டம் திறந்தது.