பதினேழாவது பறவை

வீடு ஒன்று, பட்டா இரண்டு.
தெருவைப் பார்த்து ஐந்து ஜன்னல்.
மூன்று எனக்கு, இரண்டு ரோதியோனுக்கு.
எங்களுக்கு முன்னே இங்கிருந்த யாரோ இருவர்
பேச்சு முறிந்த ஒரு நாளில்
கூரையிலிருந்து தரைவரை கோடு கிழித்துவிட்டு
ஆளுக்கொரு பக்கம் விற்றுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அவர் தன் பாதிக்குப் பிளாஸ்டிக் உறை போட்டார்,
பழைய பல்லின் நிறத்தில்.
இரண்டே நாள் வேலை. குழாயைத் திருப்பிக் கழுவினால் போதுமாம்.
என் பாதி கறுத்த லார்ச் கட்டைகள்.
புருவம் மழித்த முகம்போல
மூன்று ஜன்னலும் தெருவை வெறித்தன.

தோம்ஸ்கில், ஜன்னலைச் சுற்றி அடிக்கும் செதுக்குச் சட்டத்துக்கு
நளீச்னிக் என்று பெயர்.
முகத்தின்மேல் வைப்பது என்று பொருள்.
மூக்கும் முழியுமாக ஒரு வீடு,
அவ்வளவுதான் நான் கேட்டது.

பகலெல்லாம் பேக்கரியில் மாவு மூட்டைக் கணக்கு.
மாலையில், வாஷிங் மெஷின் வந்த அட்டையில்
பறவை வரைந்தேன்.
முதலாவது தேநீர்க் கெண்டி.
இரண்டாவதும் கெண்டிதான், கொஞ்சம் கோபமான கெண்டி.
ஐந்தாவது பறந்தது.

துளை போட்ட பிறகே
ரம்பத்தின் அலகு மரத்துக்குள் இறங்கும்.
வெட்டி விழுந்த கண்கள், துளிகள், பிறைகள்
வாளியில் சேர்ந்தன.
முதல் பலகை ஒரே மழையில் வில்லாய் வளைந்தது.
அதன்பின் யாரும் பார்க்காத முதுகுக்கும்
இரண்டு பூச்சு வெள்ளை.

ஜன்னல்கள் முடிந்தன.
வசிலீசா, கண்ணுக்கு மை போட்டுவிட்டாய் என்று
தபால்காரி சைக்கிளை நிறுத்திச் சொன்னாள்.
அத்தோடு விட்டிருக்கலாம்.
ஆசை கூரையோரம் ஏறியது.

கூரை விளிம்பில் பறவை வரிசை.
ஒரு பறவை முப்பத்தெட்டு சென்டிமீட்டர்.
என் பங்கு ஆறு மீட்டர் முப்பத்தாறு.
பதினாறு பறவைகள் முழுசாய் உட்கார்ந்தன.
பதினேழாவதுக்கு
வால் வந்தது, வயிறு வந்தது,
கழுத்தில் பட்டா முடிந்தது.
ஒவ்வொன்றிலும் அரை சென்டிமீட்டர் சொச்சம் குறைத்திருந்தால்
தலை தப்பியிருக்கும்.
ஊர்க் கணக்கெல்லாம் எழுதுகிறவள் நான்.

ரோதியோன் வெளியே வந்தார்.
முப்பது வருடம் வீடு வீடாக காஸ் மீட்டர் படித்தவர்,
எதையும் கண்ணைச் சுருக்கித்தான் பார்ப்பார்.
'தலை எங்கே?'
'உங்கள் பக்கம்.'
உள்ளே போய் டேப் எடுத்து வந்தார்.
அளந்தார். திரும்ப அளந்தார்.
கதவைச் சாத்திக்கொண்டார்.

இரண்டு வாரம் தெரு சிரித்தது.
எதிர்வீட்டுப் பையன் அதை
வரி கட்டாத வாத்து என்றான்.

பிறகு ஒரு ஞாயிறு, வேலிக்கு மேலாக:
'தலை மட்டும் என்றால் என்ன விலை?'
'கொசுறு.'
'சுவரில் ஓட்டை கூடாது. பிளாஸ்டிக்கோடு நிற்கட்டும்.
பத்து சென்டிமீட்டர்.
பதினொன்று அல்ல.'

ஏணியை அவர்தான் பிடித்தார்,
இறுக்கமாக, நான் ஓடிவிடுவேன் என்பதுபோல.
குட்டைத் திருகாணி இரண்டில்
அலகும் கொண்டையுமாக நின்றது தலை,
அவருடைய சொத்தில்.

பிளாஸ்டிக்குக்குக் குளிர் பிடிக்காது என்று
எங்கள் இருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.
ஜனவரியில், பூஜ்யத்துக்குக் கீழே நாற்பதில்,
உறை சுருங்கித் தலையைத் தன் பக்கம் இழுத்தது.
கழுத்துக்கும் தலைக்கும் நடுவே
ஒரு தீக்குச்சி நுழையும்.
நுழைத்துப் பார்த்தேன்.
ஜூனில் மூடிக்கொள்கிறது.
அளவுக்கு மிஞ்சியே மூடிக்கொள்கிறது,
உரசிய இடத்தில் சாயம் உதிர.

இதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.
பனி உருகியதும் நான் கொஞ்சம் வெள்ளை தொட்டு வைக்கிறேன்,
என் பக்கம் மட்டும்.

இன்று காலை அவர் ஏணிமேல் நிற்கிறார்,
தன் ஜன்னல் ஒன்றின் முன்னால்,
வாயில் பென்சில், கையில் டேப்.
எதற்கென்று நான் கேட்கவில்லை.
வாளியில் கிடக்கும் கண்களைத்தான்
அடுப்பில் போடாமல் வைத்திருக்கிறேன்.