பதினாறு வாய், ஒரே தாள்

தை செங், மூன்றாம் மாடி,
இரவு ஒன்றே முக்கால்.
பதினாறு பில்டுகளை ஒரே சமயத்தில் அவிழ்த்துவிட்டேன்.
பதினாறும் ஒரே கோப்பில் எழுதுகின்றன.

‘தொகுக்கிறேன்’ என்று ஒன்று வாய் திறக்க
அந்தச் சொல்லின் இடுப்பில் ஏறி உட்கார்ந்து
‘கிடைக்கவில்லை’ என்கிறது இன்னொன்று.
எது கிடைக்கவில்லை, யாருக்கு?
வரியின் தலை ஐந்தினுடையது
வால் பன்னிரண்டினுடையது
நடுவில் ஒரு காற்புள்ளி
கேட்பாரற்றுக் கிடக்கிறது.

வரும்போது ரயிலில்
சந்தேகப் பொருளைக் கண்டால் சொல்லச் சொன்ன குரல்
நான்கு மொழிகளையும் வரிசையில் நிறுத்தித்தான் பேசியது.
ஒன்றின் காலை ஒன்று மிதிக்கவில்லை.
தமிழ் வருவதற்குள்
நான் இறங்கிவிட்டேன் என்பது வேறு விஷயம்.

ஒவ்வொரு வரியின் நெற்றியிலும் ஓர் எண் ஒட்டினேன்.
கூச்சல் கொஞ்சம் அடங்கி
முகங்கள் தெரிந்தன.
பிறகு நேரத்தையும் ஒட்டினேன்.
தகராறு அங்கேதான்.

ஏழாம் இயந்திரம்
கேள்வி வருமுன்பே பதில் சொல்லியிருந்தது.
பிழை, 01:52:07.
அந்தப் பிழையைக் கிளப்பிய கட்டளை, 01:52:09.
அடி விழுமுன் அழுத பிள்ளை.

ஏழின் கடிகாரம் பின்தங்கிவிட்டது, அவ்வளவுதான்.
திட்ட வாயெடுத்து நிறுத்தினேன்.
இந்தத் தீவின் கடிகாரமே
சூரியனை விட்டுவிட்டு முன்னால் ஓடுகிறது.
காலை ஏழுக்கு மேல் மெல்ல வரும் வெளிச்சத்தை
தாமதம் என்று யாரும் பதிவதில்லை.

‘எது உடைந்தது? எட்டு மணிக் கூட்டத்துக்குள் வேண்டும்’
ஹஸ்லிண்டாவின் செய்தி. அவளும் தூங்கவில்லை.

ஏழு இல்லை, ஹஸ்லிண்டா.
கத்தியவை எல்லாம் பிழைத்துக்கொண்டன.
பதினொன்றுதான்.
சொல்ல வந்ததையெல்லாம் பஃபரில் தேக்கி வைத்திருந்து
ஊற்றுமுன் செத்துப்போயிருக்கிறது.
நினைவகம் போதவில்லையாம்.
அதைக்கூட அது சொல்லவில்லை,
பக்கத்து வீட்டுக்காரர்போல
கர்னல்தான் வந்து சொல்லிவிட்டுப் போனது.
பதினொன்றின் கடைசி வரி
‘இணைக்கிறே’

அந்த ‘ன்’னைத் தேடினேன்.
நாற்பத்தெட்டாயிரம் வரி.
மற்றவர்களின் ‘ன்’கள் ஏராளம்.

மூன்றரைக்கு, பதினொன்றை மட்டும் தனியே ஓட்டினேன்.
ஒரு முனகல் இல்லை.
நான்கே நிமிடம், பச்சை விளக்கு.
கூட்டத்தில் மட்டும் மூச்சு முட்டும் என்று
அறிக்கையில் எழுத முடியாது.
‘ஒரே நேரத்தில் எட்டுக்கு மேல் வேண்டாம்’ என்று எழுதினேன்.

கீழே காப்பிக்கடையின் இரும்புக் கதவு உயர்கிறது.
முடிந்த நேரம் என்று ஒரு கட்டம் காலியாக நிற்கிறது.
ஏழினுடையதா, மற்றவற்றினுடையதா?
சன்னலுக்கு வெளியே இன்னும் ராத்திரிதான்.
கைப்பேசியைப் பார்த்து
05:12 என்று போட்டேன்.