பதினேழாம் பீப்பாய்

பிப்ரவரி. சனிக்கிழமை. காலை பத்தரை.
பிரஸல்ஸுக்கு மேற்கே, ரயில்வே கேட்டை ஒட்டிய கொட்டகை.
நாங்கள் ஐந்து பேர், இன்யாஸ்,
இருபத்து மூன்று பீப்பாய்கள்.

அவன் ஒட்டடை அடிப்பதில்லை.
சிலந்திக்குச் சம்பளம் கிடையாது, வேலை மட்டும் உண்டு என்பான்.
ஈஸ்ட்டும் வாங்குவதில்லை.
குளிர்கால இரவில் கூரைச் சன்னலைத் திறந்து வைத்துவிட்டு
உறங்கப் போவான்.
காற்றோடு வருவது வந்து
கோதுமைக் கஞ்சியில் குடியேறும்,
வாடகை பேசாமல்.

மரத்தில் அறைந்த சின்ன ஆணியை
இடுக்கியால் இழுக்கிறான்.
நூல் போல் பீறிடுகிறது பியர்.
கிளாஸ் நிறைய இல்லை, இரண்டு விரல்.
நுரையும் இல்லை. நுரை
பிறகு பாட்டிலில் கற்றுக்கொள்ளும் பழக்கம்.

இரண்டாம் பீப்பாய்:
பேரிக்காயின் தோலை மட்டும் தின்றது மாதிரி.
ஆறாம் பீப்பாய்:
நாக்கின் ஓரங்களைச் சுருட்டிப்
பையில் போட்டுக்கொண்டது துவர்ப்பு.
பதினொன்றாவதை மோந்த மார்னிக்ஸ்
"அவசரமாய் பிரேக் பிடித்த சரக்கு ரயில்" என்றான்.
முப்பது வருடம் சிக்னல் பெட்டியில் இருந்தவன்,
பாராட்டுகிறான்.

அப்போதுதான் கவனித்தேன்.
இன்யாஸ் தன் கிளாஸைத் தொடவில்லை.
தூக்கினான், சுழற்றினான், மூக்கருகே கொண்டுபோனான்,
கண்கள் மட்டும்
எங்கள் ஐந்து பேர் மீதும் மாறி மாறி.
என் புருவம் ஏறியதும்
கரும்பலகையில் ஒரு கோடு இழுத்தான்.
ஹோடெலீவ உதட்டைப் பிதுக்கியதும்
ஒரு கோட்டை அழித்தான்.

நவம்பர் காய்ச்சல் அவன் மூக்கை
எடுத்துக்கொண்டு போய்விட்டிருக்கிறது.
யாரிடமும் சொல்லவில்லை.
எங்கள் முகங்களைத்தான் அவன்
சொட்டுச் சொட்டாய் ருசி பார்த்துக்கொண்டிருந்தான்.

பதினேழு.
வாயில் வைக்கும் முன்பே தெரிந்துவிட்டது.
நகப்பூச்சு அழிக்கும் நெடி, பின்னாலேயே காடி.
நானூறு லிட்டர்.

நான் தபால்காரி.
கண்ணாடிச் சன்னல் வைத்த வங்கிக் கடிதங்களை
இந்த வருடம் மட்டும் ஏழு முறை
இந்தக் கதவின் பிளவில் நுழைத்தவள்.
பிரிக்காமலே தெரியும் சில கடிதங்கள்,
குடிக்காமலே தெரியும் சில பியர் போல.

முகம் திரியவில்லை. திரிய விடவில்லை.
கன்னத்தை மேலே தூக்கிப் பிடித்தேன்,
சாக்கு மூட்டையைத் தூக்குகிற மாதிரி.
விழுங்கினேன்.
"அருமை" என்றேன்.
"அருமை" என்றாள் ஹோடெலீவ,
அவனுக்கு மூக்கு மருந்து விற்ற மருந்துக்கடைக்காரி.
மார்னிக்ஸ் தலையாட்டினான்.
உம்மென்றே இருக்கும் ரோம்பவுட்கூட
இன்னும் கொஞ்சம் கேட்டான். பாவி,
அவனுக்கு வயிற்றுப்புண் வேறு.
கடைசியில் அவன் தங்கை தைனா
கண்ணில் தண்ணீரோடு சிரித்தாள்.

தனித்தனியே பொய் சொல்ல வந்தவர்கள்
வாசலில் மோதிக்கொண்டோம்.

இன்யாஸ் சாக்பீஸை எடுத்தான். கோடு போடவில்லை.
பீப்பாயின் தக்கையைக் காட்டினான்.
குண்டூசித் தலையளவு ஈக்கள்,
பத்துப் பன்னிரண்டு,
கல்யாண வீட்டுப் பந்தியில் போல்.
"செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டார்கள்" என்றான்.
"காடி என்றால்தான் வருவார்கள்.
முகத்தை வைத்துக்கொள்ளத் தெரியாது இவர்களுக்கு."

யாரும் பேசவில்லை.
கேட் இறங்கும் மணி. ரயில் ஒன்று
தரையைக் கிளாஸ்களோடு சேர்த்து உலுக்கிப் போனது.
பிறகு அவன் கேட்டான்,
"பதினொன்றும் பொய்யா?"
"இல்லை" என்று ஐந்து பேரும்
ஒரே நேரத்தில் கத்தினோம்.
அதிலும் சந்தேகம் வந்திருக்கும் அவனுக்கு.

இப்போது பதினேழு சின்னச் சின்ன பாட்டில்களில்,
காடி என்றே லேபிள் ஒட்டி,
கென்ட் நகரத்து உணவகங்களுக்குப் போகிறது.
பார்சல்களைச் சுமப்பவள் நான்.
சைக்கிள் பெட்டியில் கலகலக்கும்.
வங்கிக் கடிதம் வருவது நிற்கவில்லை,
உறையின் நிறம் மட்டும் மாறியிருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை இருபத்தியிரண்டு பீப்பாய்.
முகத்தைக் கழுவிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறான்.