தூண்டுதல்

குளச்சல் சார்பதிவகத்துக்கு எதிரே
ஜெராக்ஸ் கடையில் பாதி என்னுடையது.
ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர்,
உப்புக்காற்றில் துருவேறிய ஃபேன்.

ஏலம் முடிந்து நேரே வந்திருந்தாள் வியாகுலமேரி.
செதில் இன்னும் முழங்கையில் மின்னியது.
"உயிலு எழுதணும் மக்களே.
எவ்வளவு ஆகும், முதல்லயே சொல்லிரு."

ஆறரை சென்ட். அதில் வீடு,
வாடகைக்கு விட்ட வலைக்கடை.
கிழக்கே பாதை, வடக்கே அந்தோணியடிமை மனை,
மேற்கே பொதுக்கிணறு.
தெற்கே?
"கடலுண்ணு எழுதாதே.
அது வருஷாவருஷம் கிட்ட வருது."

வீடு தங்கச்சி மகனுக்கு.
அவன் வெளியே பைக்கில் சாய்ந்து
போனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கடை, இங்க வேலைக்கு வந்து
இங்கயே செத்துப்போற வடக்கத்திப் பிள்ளேளுக்கு.
போட்டுல, செங்கச்சூளையில, எங்கயானாலும்.
வீட்டுக்குக் கொண்டுவிடுத செலவு."

எல்லாம் விசாரித்து வைத்திருந்தாள்.
கட்டாக் வரை ஆம்புலன்ஸ், இரண்டு டிரைவர்,
வழியில் மூன்று இடத்தில் ஐஸ்.
ஐஸ் கணக்கை அவளுக்கு
யாரும் சொல்லித்தர வேண்டாம்.

பயனாளி பெயர் வேண்டும் என்றேன்.
"பேரு எப்பிடித் தெரியும்?
அவன் இனிதானே வரணும்."

விசைப்படகு ஓட்டுநர் சங்கத்தின் பெயரில் எழுதி
நோக்கம் என்று தனிப் பத்தி போட்டேன்.
பிறகு அந்த வழக்கமான வரி,
நான் யோசிக்காமலே விரல்கள் அடிப்பது:
நல்ல நினைவோடும் பூரண சுயபுத்தியோடும்
யாருடைய தூண்டுதலும் இன்றி

"நில்லு" என்றாள்.
"அது பொய்யாக்கும்.
நாலு பேரு தூண்டினாவ.
தம்மாமுல எம்மவன் சாரத்துல இருந்து விழுந்தப்போ
மலப்புறத்துக்காரங்க ரெண்டு பேரு,
ஒரு நேபாளி, ஒரு வங்காளி,
சம்பளத்தைக் கூட்டிப்போட்டு
இருபத்தாறாம் நாளு எங்கிட்ட அனுப்பினாவ.
அவங்க பேரையும் எழுது."

சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று
சொல்ல ஆரம்பித்துப் பாதியில் விட்டேன்.
அவளுக்குத் தெரிந்ததே இரண்டு பேர்தான்.
குஞ்ஞுமுகம்மது. சுபைர்.
வரைவின் ஓரத்தில் பென்சிலால் குறித்து
கீழே இரண்டு கோடு இழுத்தேன்.
பதிவுக்குப் போன தாளில்
பழைய வரி பழையபடியே இருந்தது.
அவள் வாசிக்கச் சொல்லவில்லை.

சாட்சிகள் கையெழுத்திட்டு டீக்குப் போனார்கள்.
பெருவிரல் மையைச் சேலையில் துடைத்தபடி
படி இறங்கியவள் திரும்பி வந்தாள்.

"ஒண்ணு விட்டுப்போச்சு.
பெட்டிக்கு ஆணி அடிக்கப்பிடாது.
ஸ்க்ரூதான் போடணும்.
அங்க ஒருத்தி
தொறந்து பாக்கணும்லா."